இருபத்தைந்து சொற்களுக்கு மேற்படாமல்

பதிவைப் புதுப்பிக்கும் படிவத்தில்
ஏழாவது கட்டம்: தூரநோக்கு.
இருபத்தைந்து சொற்களுக்கு மேற்படாமல்.

புளூமெண்டல் வீதி, டயர்க் கடைக்கு மேல்மாடி.
மரண உதவிச் சங்கத்து நிர்வாகம், ஒன்பது பேர்,
எங்கள் சொத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தோம்:
நீல பிளாஸ்டிக் கதிரைகள் நூற்றிருபது.
சுவரோரம் இரண்டு கூடாரம், தேத்தண்ணிக் கொதிகலன்,
ஒரு சாக்கு நிறைய வெள்ளைக் கொடி.

பொருளாளர் மொறாயஸ்
மகன் கைபேசியில் அனுப்பியதை வாசித்தார்:
"பிராந்தியத்தின் முதன்மையான, புத்தாக்கமிக்க,
நிலைபேறான மரணச் சேவை வழங்குநராக
மிளிர்தல்."
கீழே கொள்கலன் லொறி ஒன்று
திரும்ப இடமில்லாமல் ஹோன் அடித்தபடி நின்றது.
"மிளிர வேணாம்" என்றார் ரிஸ்மினா.
"மையித்து வீட்டுல மிளிர ஏலாது."

நான் செயலாளர். பேனை என் கையில்.
பகலில் கிளியரிங் கந்தோரில்
மற்றவர் சரக்குக்குப் படிவம் நிரப்புகிறவள்;
எந்தக் கட்டத்தில் என்ன போட்டால்
பெட்டி துறைமுகத்தை விட்டு வெளியே வரும், தெரியும்.
இந்தக் கட்டத்துக்குக் கை ஓடவில்லை.
சாவுக்குக் காத்திருக்கும் சங்கம்
எதற்கு ஆசைப்படும்?
அங்கத்தவர் பெருக வேண்டும் என்றா?
பெருகினால் சாவும் பெருகும்.
சாவே வேண்டாம் என்றா?
அப்படியென்றால் கதிரைகளை விற்றுவிட்டு
வீட்டுக்குப் போகலாம்.

சுமித் சொன்னான்
(கொதிகலன் அவன் பொறுப்பு,
அவன் தமிழ் எங்கள் தமிழைவிட நேர்):
"நாற்பத்தொன்றாம் இலக்கத்தைப் பற்றி எழுதுவமா?"

மேசை விசிறி மட்டும்
ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தது.

நாற்பத்தொன்று, தவமலர்.
பதினேழு வருடச் சந்தா, ஒரு மாதம் பிந்தவில்லை.
வெசாக் கூடுகள் தொங்கிய கிழமை.
மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது,
அதுவும் தண்ணீர் பில் கொண்டுவந்தவன் சொல்லி.
தெரிந்த பிறகு
நாற்பது நிமிடத்தில் கூடாரம் எழுந்தது.
பெட்டி, வாகனம், ஐயர், சந்திவரை கொடி.
கணக்கில் ஒரு ரூபாய் பிசகவில்லை.
நூற்றிருபது கதிரை விரித்தோம்.
பதினொன்றில் ஆள் இருந்தது,
அதில் ஒன்பது நாங்கள்.
உதவிக் காசோலையை யார் கையில் கொடுப்பது?
மொறாயஸ் அதைத் திரும்பவும்
சட்டைப் பைக்குள் வைத்தார்.
இன்னும் இருக்கிறது, இரும்புப் பெட்டியில்,
பெயர் எழுதாமல்.

"நல்லாத்தான் வந்தம்" என்றார் ரிஸ்மினா.
"பிந்தி வந்தம்."

'தனித்து வாழ்வோர் நலன்' என்று தொடங்கி அடித்தேன்,
அது வேறு யாருடையவோ சங்கம்.
'எவரும்' என்று தொடங்கி அதையும் அடித்தேன்.
எட்டரைக்கு டயர்க் கடைக்காரர்
கேற்றைப் பூட்டவேண்டும் என்று சத்தம் வைத்தார்.
அந்த அவதியில் வந்ததுதான்:

இந்த ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும்
கதிரைகளுக்கு முந்தி நாங்கள் போய்ச் சேருவோம்.

எண்ணினேன். ஒன்பது சொல். ஆளுக்கு ஒன்று.
மொறாயஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்:
"போய்ச் சேருவோம் என்றால்
செத்துப்போவோம் என்றும் அர்த்தப்படுமே, பிள்ளை."
"அதுவும் பொய்யில்லையே."
முதல் தடவையாக அன்றைக்குச் சிரித்தோம்,
படியில் இறங்கும்போதும்.

மீதிப் பதினாறு சொல்லுக்கான இடத்தை
வெறுமையாகவே விட்டுக் கொடுத்தேன்.
பிரதேச செயலகத்துப் பெண் இரண்டு தரம் வாசித்தாள்,
ஏதோ கேட்க வாயெடுத்து
முத்திரையைக் குத்தினாள்.

ஞாயிறு. முப்பத்தெட்டாம் இலக்கம்.
நானும் சுமித்தும், வெறுங்கையோடு.
கதவுச் சங்கிலிக்கு அப்பால் ஒரு கண்.
சந்தாப் புத்தகத்தின்படி, அற்புதராணி.
"நான் இன்னும் சாகேல்ல" என்றார்.
"தெரியும். அதுதான் வந்தனாங்கள்."

சங்கிலி எடுபடவில்லை.
கண்ணும் போகவில்லை.

கூட்டக் குறிப்பேட்டில் எழுதினேன்:
முப்பத்தெட்டு. கதவு,
நாலு விரற்கடை.