அப்பத்துக்கு அடுத்த வரி

டிபிலிசியிலிருந்து குட்டைசிக்குப் போகும் வழியில்
என் கணக்குப்படி பதினேழு தேவாலயங்கள்.
ஒவ்வொன்றுக்கும் மூன்று சிலுவை போடுவேன்,
நெற்றி, வயிறு, வலத்தோள், இடத்தோள்.
வேன் எண்பதில் பறக்கும்,
ஸ்டீயரிங் முழங்கால் வசம்.
முன்சீட்டு வெளிநாட்டுக்காரர்கள்
அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள்.
வேனுக்குள் உண்மையாக ஜெபித்தது
அவர்கள் மட்டும்தான்.

நான் செய்தது
வருகைப் பதிவேட்டில் கையெழுத்து.
நுக்சார், வந்தான்.
நுக்சார், போனான்.

கேட்டது கிடைக்கவில்லை என்று
சொல்ல வாயில்லை எனக்கு.
இந்த வேனைக் கேட்டேன், வந்தது.
சந்தோஷம் முதல் தவணைவரை ஓடியது,
அப்புறம் அதுவும் டீசல் கேட்டது.
எத்தேரிக்கு விசா கேட்டேன், வந்தது.
ஆறு வருஷமாக இத்தாலியில்
யாரோ ஒரு சீமாட்டிக்கு
மாத்திரை எண்ணிக் கொடுக்கிறாள்.
ஞாயிறு இரவுகளில் போன் திரையில்
பாதிச் சொல்லில் உறைந்து நிற்கும் அவள் முகம்.
லைன் போன பிறகும்
அணைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சந்தோஷத்தையே நேராகக் கேட்டுப் பார்த்தேன் ஒருமுறை.
பதில் வரவில்லை.
முகவரி தெளிவில்லாத கடிதம்போல
என்னிடமே திரும்பியது.

பிப்ரவரி. ரிகோட்டி கணவாய்.
முன்னால் லாரிகளின் வரிசை, முனை தெரியவில்லை.
பனி, பக்கவாட்டில் பெய்கிறது.
மூன்று மணி நேரம் கழித்து
டீசல் முள்ளைப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினேன்.
பதினான்கு பேரின் மூச்சு
கண்ணாடியில் படிந்து வெள்ளையாகிறது.

அக்காவின் நாற்பதாம் நாளுக்குப் போகிறவள்,
மடியில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி.
ஒன்றை உருவிக் கொளுத்தினாள்.
"டிரைவர், வழியெல்லாம் சிலுவை போட்டீர்களே,
நீங்களே ஆரம்பியுங்கள்."

ஆரம்பித்தேன்.
பரலோகம் வந்தது, நாமம் வந்தது,
ராஜ்யம் வந்தது, சித்தம் வந்தது,
அன்றாட அப்பமும் வந்தது.
அதற்கு அடுத்த வரி
வரவில்லை.

எந்தச் சந்தில் விழுந்ததோ.
ஐம்பத்திரண்டு வயதில்
வேட்டி அவிழ்ந்தவன்போல நின்றேன் எல்லார் முன்னாலும்,
உட்கார்ந்தபடியேதான்.

பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.
கட்டணத்தில் இரண்டு குறைத்துக் கொடுத்தான் என்று
காலையில் நான் வாய்க்கு வந்தபடி ஏசியவன்.
சாராய வாடை, தடித்த நாக்கு.
அவன் எடுத்துக் கொடுத்தான் அந்த வரியை.
கடன்களைப் பற்றிய வரி.
நமக்குத் தள்ளுபடியாவதும்
நாம் தள்ளுபடி செய்வதும்
ஒரே மூச்சில் வரும் வரி.

யாரோ சிரித்தார்கள்.
பிறகு நான்.
பிறகு வேனே குலுங்கியது, எஞ்சின் இல்லாமல்.
சிரிப்போடு சிரிப்பாக ஜெபத்தை முடித்தோம்.
மொச்சை வைத்த ரொட்டி ஒன்று
பத்திரிகைத் தாளிலிருந்து வெளிவந்து
பதினைந்தாகப் பிய்ந்தது.
என் பங்கு கட்டைவிரல் அளவு.
பின்சீட்டுக்காரன் கையிலிருந்துதான் அது வந்தது.

விடியுமுன் வழி திறந்தது.
மலையின் அந்தப் பக்கம் இறங்கும்போது
வண்டி பாரமில்லாமல் போவதாகத் தோன்றியது.
இறக்கம்தானே என்று
நீங்கள் சொல்லலாம்.
இருபது வருஷமாக இறங்குகிறேன் அதே இறக்கத்தில்.

மறுநாள் திரும்பும் வழியில் கோச்சாவுக்குப் போன் போட்டேன்.
எத்தேரியின் தம்பி.
நாலாயிரம் வாங்கிக்கொண்டு
நாலு வருஷமாக என் தெருவில் நடக்காதவன்.
கூரையில் பனி அதிகமா என்று கேட்டேன்.
அவன் பேசவில்லை.
பணத்துக்குத்தான் அடிபோடுகிறேன் என்று நினைத்திருப்பான்.
அந்த வரியை எப்படிச் சொல்வதென்று
எனக்கும் தெரியவில்லை.
திக்கித் திக்கி, மூக்கை உறிஞ்சி,
ஒருவழியாகச் சொல்லி முடித்தபோது
இரண்டு தேவாலயங்கள் கடந்திருந்தன.
கை எழவேயில்லை.

மேலே யாராவது எண்ணிக்கொண்டிருந்தால்
ஆறு சிலுவை
பாக்கி.