பத்துக்குப் பத்து

என் ஜாதகத்தில் ஆறுதான் பொருந்தியது.
ரஜ்ஜு தட்டியது, வேதை தட்டியது.
அப்பா தாராபுரத்தில் மூன்று ஜோசியர்களை
மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில்
ஆறுக்கே பாக்கு வெற்றிலை மாற்றினார்.
பதினோரு வருஷம் ஓடிவிட்டது,
சண்டையும் உண்டு, சோறும் உண்டு.

மஜ்ஜைக்கு ஆறு செல்லாது.
கூடலூர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் என் மேஜை.
அங்கே வரும் ரிப்போர்ட்டில்
பத்துக்குப் பத்து கேட்கிறார்கள்.
ஒன்பது என்றாலே டாக்டர்
கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார்.

இங்கேயும் நட்சத்திரம் உண்டு:
ஓர் எழுத்து, ஒரு நட்சத்திரக் குறி,
இரண்டு எண்கள், நடுவே மேலும் கீழுமாக இரு புள்ளிகள்.
ஆறாவது குரோமோசோமின் குட்டைக் கையில்
தன்னைத் தானே அடையாளம் காண
உடம்பு குத்திவைத்த பச்சை.

ரஜிதாவுக்கு ஒன்பது வயசு.
அரிவாளாக வளையும் ரத்தம்.
மழை பிடித்தால் முழங்காலுக்குள் யாரோ உளி வைப்பார்கள்.
ஆடியில் அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.
அம்மா ஜோச்சி, ஐந்து.
தம்பி, அவனும் ஐந்து.
கோடிக்கணக்கான பேர் பதிந்த ஏட்டில் தேடினோம்,
கடல் தாண்டியும் தேடினோம்.
சைபரைப் போட்டுவிட்டுக்
கர்சர் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

அந்த எண்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்
தேவாலா தாண்டி, எஸ்டேட்டுக்குக் கீழே,
இதே பணியர் காலனியில் முகாம்.
வெள்ளை ஜீப், தெர்மாகோல் பெட்டி, பிஸ்கட்.
ஸ்டிக்கர் ஒட்டியது நான், முதல் சம்பளக்காரி.
இருநூற்றுப் பதினாறு குழாய்களில்
நூற்றுப் பதினேழில் அகப்பட்டது
எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு திசு வகை.
அன்று லேபில் எல்லோருக்கும் லட்டு.
பிறகு கட்டுரை வந்தது. எண்ணிப் பார்த்தேன்,
‘அரிது’ என்ற சொல் பதினான்கு இடத்தில்.

பெயர்களை அழித்துவிடுவோம் என்று
கைநாட்டு வாங்கிய தாளில் இருந்தது.
அழித்தோம்.
கொடுத்த வாக்கை நாங்கள் காப்பாற்றிய ஒரே இடம் அது.

நினைவைக் கசக்கிப் பிழிகிறேன்.
நூறாவது ஆளுக்கப்புறம் மழை இறங்கியது.
விரலில் தேயிலைக் கறையோடு ஒருத்தி
ஊசியைப் பார்த்துச் சிரித்தாள். அவளா?
காதில் பீடி செருகியிருந்தவனா?
இஞ்சி வேலைக்குக் குடகு போய்
இன்னும் வராத ஒன்பது பேரில் ஒருவரா?
யானை மிதித்த மாதனா?

மறுபடி போனோம். ஜீப் வேறு. பெட்டி அதே.
வெளுக்கன் வாசலை மறித்துக் கேட்டான்:
“போன தடவை எடுத்த சோரெ எங்கே?”
சோரெ என்றால் ரத்தம்.
டாக்டர் திட்டம், ஒப்புதல், குழு என்று ஆரம்பித்தார்.
நான் குறுக்கே விழுந்தேன்:
பெங்களூரில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது,
பனிக்கட்டியைவிடக் குளிரான பெட்டி.

ஜோச்சியின் இடுப்பிலிருந்து ரஜிதா கேட்டாள்,
“ரொம்பக் குளிருமா?”
“ரொம்ப.”
“அப்போ நோவுமே.”

யாரும் பேசவில்லை.
ஒரு கோழி ஜீப்புக்கடியில் போய் ஒதுங்கியது.
ஜோச்சி பிள்ளையை இறக்கிவிட்டு
வீடு வீடாக ஏறி இறங்கினாள்.
என்ன சொன்னாளோ, அவள் பாஷையில்.
இருட்டுவதற்குள் முப்பத்தொரு கை நீண்டது.

இம்முறை முதலில் பெயர், பிறகுதான் எண்.
கெம்பிக்கு ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்று
கேட்டுக் கேட்டு எழுதினேன்.
எழுத்துத் தெரியாதவளிடம் அதைக் கேட்டதற்கு
அவள் சிரித்தாள். விரலைப் பார்த்தேன்.
கறை எல்லோர் விரலிலும் இருக்கிறது.

முடிவு வர மூன்று வாரம்.

வெளுக்கன் வரவில்லை.
ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டான்.
வருவான் என்று எழுதிவைத்த அவன் பெயர்
குழாயில் ஒட்டாமல்
என் சுடிதார் கையில் ஒட்டிக்கொண்டு
வீடு வரைக்கும் வந்திருக்கிறது.