மாதிரி எண் 241

இருநூற்று நாற்பது கிணற்றுக்கு
இருநூற்று ஐம்பது பாட்டில் வாங்கினோம்.
விலைப்புள்ளி மூன்று இணைத்திருக்கிறேன்.
மூன்று கடையும் கும்பகோணம்,
மூன்று கடிதத்தாளும் ஒரே அச்சகம்.
எனக்குத் தெரியும். தணிக்கைக்கும் தெரியும்.

திருவாரூருக்கு வெளியே
வயலைத் தூர்த்து எழுப்பிய கட்டடம் எங்களுடையது.
ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால்
தான் வயலாக இருந்தது
கீழ்த்தளத்துக்கு ஞாபகம் வந்துவிடும்.
கோப்புகளை மேல் அடுக்குக்கு ஏற்றுவேன்,
பணிப்பட்டியலில் இல்லாத பணி.

எண்பத்தொன்பது நாள் ஒப்பந்தம்.
தொண்ணூறாம் நாள் நான் இங்கே யாருமில்லை.
அன்றைக்கும் வந்து
என் மறுநியமன ஆணையை
நானே தட்டச்சு செய்து
பேராசிரியர் மேசையில் வைக்க வேண்டும்.
ஒருமுறை என் பெயரிலேயே
எழுத்துப்பிழை விட்டேன்.
அந்தப் பிழைதான் மூன்று மாதம் சம்பளம் வாங்கியது.

திட்டத்தின் முழுப்பெயர் இரண்டு வரி.
ஓட்டுநர் அந்தோணிசாமிக்கு
அது வெறும் உப்புத் திட்டம்.
தலைஞாயிறு, வேதாரண்யம், கோடியக்கரை
என்று ஜீப் போய்வரும்.
திரும்பும்போது பின்சீட்டில்
சேறு படிந்த பாட்டில்களும்
ரெவின்யூ ஸ்டாம்பில் ரேகை வைத்த ரசீதுகளும்.

தண்ணீர் கொடுத்தவருக்கு நூற்றைம்பது ரூபாய்.
வைரக்கண்ணு என்று ஒருவர் மட்டும்
'ஒரு சொம்புத் தண்ணிக்குக் காசா?' என்று
திருப்பி அனுப்பிவிட்டார்.
அவர் பெருந்தன்மையை
எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?
ஐந்து கடிதம் எழுதினேன்.
ஆறாவதாக அவருக்கே எழுதத் தோன்றியது,
ஐயா, தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நிதி மார்ச் இருபத்தெட்டில் வந்தது.
முப்பத்தொன்றுக்குள் தீர்க்க வேண்டும்.
கதிர் கருகிய பிறகு
முறை வைத்து வருகிற தண்ணீர் போல
ஒரேயடியாக வந்தது, ஒரேயடியாக வடிந்தது.

மீந்த பத்தில் ஒரு பாட்டிலை
ஏன் கைப்பையில் வைத்தேன் என்று கேட்டால்
பதில் இல்லை.
விளமலில் எங்கள் வீட்டு அடிபம்பில்
மூன்றுமுறை அலசி, கழுத்துவரை நிரப்பி
(விதிமுறையைத் தட்டச்சு செய்தவள் நான்)
மறுநாள் 241 என்று எழுதி ஒட்டினேன்.
மற்ற இருநூற்று நாற்பதும்
என் கையெழுத்துதான் என்பதால்
யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

முடிவு வந்த அன்று
ஆய்வு மாணவி தையல்நாயகி
திரைமுன் நின்றபடியே நின்றாள்.
'அக்கா, இதுக்கு இடக்குறிப்பு இல்லையே.
கோடியக்கரைக் கிணறு அளவுக்கு உப்பு.'
பதிவேட்டைப் புரட்டினேன்,
தேடுகிறவள் புரட்டுவது மாதிரியே.
பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
'சரி, விடுங்க' என்றாள்.

குழம்புக்கு ஒரு சிட்டிகை குறைத்தே
உப்புப் போடும் கை என்னுடையது.
அளவு தெரிந்த கை என்று
பதினோரு வருடமாகப் பெருமை வேறு.

விலகல் புள்ளி, நீக்கிவிடலாம் என்றார் பேராசிரியர்.
நீக்கினேன்.
அடிக்குறிப்பு நான்கு:
இடம் அறியப்படாத ஒரு மாதிரி
கணக்கில் சேர்க்கப்படவில்லை.
இருப்புப் பதிவேட்டில்
கையிருப்பு ஒன்பது, உடைந்தது ஒன்று.
அத்தோடு முடிந்தது என்றிருந்தேன்.

இன்று காலை தணிக்கைக் குறிப்பு வந்திருக்கிறது.
பத்தி பன்னிரண்டு:
பாலித்தீன் பாட்டில் உடைந்தது எவ்வாறு?
பதினைந்து நாளில் விளக்கம் தேவை.

இன்று எனக்கு எண்பத்தெட்டாம் நாள்.

வாசலில் கேன்காரர் மணியடிக்கிறார்.
அலுவலகக் குடிநீர், ஐந்து கேன்.
எண்ணிப் பார்த்து
கையெழுத்துப் போட்டு
இறக்கிவைக்கச் சொல்கிறேன்.