நெஞ்சுக்கு வெளியே

தோப்பூர் ஆஸ்பத்திரி, காலை ஆறரை.
படிவத்தில் 'எக்ஸ்பெக்டரேட்' என்றிருந்தது.
துப்புங்க என்றேன்.
துப்பினார் சோலையழகு,
கீழவளவுக் குவாரியில் இருபது வருசம்.
டப்பாவில் நுரை. வெறும் எச்சில்.
"இது வாயிலருந்து வந்ததுண்ணே.
நெஞ்சுலருந்து வேணும்."

அகராதியில் பார்த்திருக்கிறேன்.
லத்தீன். பெக்டஸ் என்றால் நெஞ்சு,
எக்ஸ் என்றால் வெளியே.
சளிக்கு வருமுன்னே அந்தச் சொல்லுக்கு
மனசைவிட்டு விரட்டு என்று பொருளாம்.
நம்மிடம் துப்பு என்றால் தடயமும்தான்;
துப்பு கெட்டவனே என்று திட்டும்போது
தெம்பும்தான்.
இரண்டாவது டப்பா. அதுவும் நுரை.

வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன்.
மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன்.
பிடித்தார்.
விடுகிறபோது பேச்சாக வந்தது:
"வெடிக்குத் திரி வச்சப்ப
வெள்ளையன் குழிக்குள்ளதான் நின்னான்.
விசில் என் வாயிலதான் இருந்துச்சு தம்பி.
ஊதல."

பிறகுதான் இருமல்,
அடிவயிற்றைச் சுருட்டிக்கொண்டு.
கல்தூள் நிறத்தில், கெட்டியாக,
டப்பாவின் கோடுவரை.

மூடி திருகினேன்.
பெயர், வயது, தேதி.
'மாதிரியின் தரம்' என்ற கட்டத்தில்
நல்லது என்று எழுதினேன்.

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு
மேலூருக்கு அடுத்த பஸ் எப்ப என்றார்.