நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று குறைய

பல்செட்டுக்கு மெழுகு வார்க்கும் மேசையில்தான்
வெள்ளியும் பார்க்கிறேன். லென்ஸ் ஒன்றே, விளக்கும் ஒன்றே.
நவம்பரில் குன்னூர் மேகம் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வதால்
பகலிலும் எரிகிறது.

நொரீன் பெரைரா, பெட்பர்டிலிருந்து,
குடையை மடக்காமலே நுழைந்தார்.
கைப்பையில் தோல்பெட்டி. ஊதா வெல்வெட்டில் நான்கு குழிகள்:
நான்கு பென்னி, மூன்று, இரண்டு, ஒன்று.
பெரியதே பழைய வெள்ளி இரண்டணா அளவு.
சின்னது சட்டைக் கழுத்துப் பொத்தான்.

கடைக்குப் போகப் பிறந்தவையல்ல இவை.
பெரிய வியாழனன்று
அரசிக்கு எத்தனை வயதோ அத்தனை கிழவர், அத்தனை கிழவியர்
கோயிலில் வரிசையாய்க் கைநீட்டி வாங்கியவை.
வாங்கிய சூட்டோடு சிலர் வாசலிலேயே விற்றார்களாம்,
அங்கே காத்திருந்த
என்னைப் போன்ற ஆட்களிடம்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து மூன்று.
நான்கைச் சாய்த்தேன், முகம் பார்த்துத் தலை வாரலாம்.
இரண்டும் அப்படியே.
ஒன்றின் ஓரத்தில் மயில்கழுத்து நீலம் ஏறியிருந்தது,
அவசரமில்லாமல்.
மூன்றைச் சாய்த்தேன்.
வெளிச்சம் வழுக்கவில்லை.
அதே வருஷம், அதே இளமுகம்,
ஆனால் சந்தையில் திரிந்த காசு;
பீர் வாங்கியிருக்கும், ரொட்டி வாங்கியிருக்கும்.
அரசியின் கன்னத்தில் ஒரு பள்ளம்.
லென்ஸை இறக்கினேன்.
இருபத்தாறு வருஷம் வாய்க்குள் வாழ்ந்த கண்:
கடைவாய்ப் பல், மேல் இடது.

“மூன்று வேற வீட்டுப் பிள்ளைங்க. செட் உடைஞ்சா விலை பாதி.”

“தெரியும்,” என்றார்.
“அறுபத்திரண்டு கிறிஸ்துமஸ். புட்டிங்கில் போட
அம்மாவிடம் வேறு வெள்ளி இல்லை, இதைத் திறந்தாள்.
கிளைவ் விழுங்கிவிட்டான்.
மூன்று நாள் விளக்கெண்ணெய்.
தோட்டக்காரர் சிங்காரம்
ஹைட்ராஞ்சியாவுக்குப் பின்னால் சல்லடையோடு.
வரவில்லை. வந்தும் யாராவது சொல்லாமல் இருந்திருக்கலாம்.
அவன் பெர்த்துக்குப் போய் ஐம்பது வருஷம் ஆகிறது.
இது அப்பா ஊட்டி ஏலத்தில் பிடித்த பதில் காசு.
அடுத்த வருஷம் நான் கடித்தேன்.
நீங்கள் கேப் போட்டீர்களே, அந்தப் பல்.”

அச்சடித்தது நாலாயிரத்துச் சொச்சம் என்கிறது பட்டியல்.
பட்டியலுக்குக் கழிக்கத் தெரியாது.
உருகியது, கொலுசானது, கப்பலோடு அமிழ்ந்தது,
பெட்பர்ட் பாத்தியில் ஒன்று
அல்லது ஆஸ்திரேலியாவில் ஒருவர் குடலில்.
ஒவ்வொன்று தொலையும்போதும்
மிஞ்சியதன் விலை கொஞ்சம் நிமிர்கிறது;
எங்கோ ஒரு சேகரிப்பவன்
துக்கம் விசாரித்துக்கொண்டே சந்தோஷப்படுகிறான்.

என் இழுப்பறையில், பருத்தி சுற்றி,
எண்பத்து மூன்றின் மூன்று பென்னி இருந்தது.
துணையில்லாதது. கண்ணாடி போன்றது.
அதை நான் சொல்லவில்லை.

பாதி விலைக்கு ஒப்புக்கொண்டார்.
பணத்தை எண்ணவில்லை.
பள்ளம் விழுந்ததை மட்டும் நகத்தால் நெம்பி எடுத்து
“இது கேக்குக்கு வேணும்” என்று
மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டார்.

அன்றிரவு என்னுடையதைக் குழியில் வைத்தேன்.
உட்கார்ந்த சத்தம்கூடக் கேட்டது.
சாய்த்தேன், முகம் தெரிந்தது.
மூடிவிட்டேன்.

டிசம்பர் இருபத்து நாலு,
அலுமினியத் தாளில் சுற்றி ஒரு துண்டு வந்தது,
பெயர் எழுதி, திராட்சை கனத்து.
விளக்கை அருகே இழுத்துவைத்து
ஒரே பக்கமாக மென்றேன்,
மெதுவாக, நாக்கால் துழாவித் துழாவி,
கடைசித் துணுக்கு வரை.

ஒன்றும் தட்டுப்படவில்லை.