காரணம் எழுதும் கட்டம்

உரிமப் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள்.
தேதி, பப்பின் பெயர், போனவர், வந்தவர்,
ஓரத்தில், இரண்டு விரல் அகலத்தில், காரணம்.
ஷெஃபீல்டு நகரமன்றத்தின் அடித்தளத்தில்
கணினிக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்:
அட்டர்கிளிஃப் வட்டாரம்,
நூற்று முப்பத்தெட்டு வருடக் காரணங்கள்.

லேண்ட்லார்டு என்று பெயர்தான்.
நிலம் எங்கோ ஒரு பிரபுவுக்கு,
கட்டடம் மதுவாலைக்கு,
கிழமை ஏழும் இவர்களுக்கு.

1871, கறுப்பு அன்னம்.
போனவர் ஜேபஸ் ஸ்டானிஃபோர்த்,
வந்தவர் ஹெப்ஸிபா ஸ்டானிஃபோர்த்.
காரணம்: மரணம்.
பக்கத்தோடு துருப்பிடித்த குண்டூசி, அதில் ஒரு ரசீது:
பெயர்ப்பலகையில் ஓரெழுத்து மாற்ற ஒன்பது பென்ஸ்.
'ஜே' இருந்த இடத்தில் 'எச்'.
மீதிப் பெயரை அவள் வீணாக்கவில்லை.
ஆலைச் சங்கு ஊதும் முன்பே
நாற்பது குவளை ஊற்றி வரிசையாய் நிறுத்திவிடுவாள் என்கிறது
ஒரு கான்ஸ்டபிளின் குறிப்பு,
புகாரா பாராட்டா என்று பிடிபடாத தொனியில்.
உலைமுன் நிற்பவன் நாளைக்கு ஒரு குடம் வியர்ப்பான்;
குடத்தை யாராவது நிரப்பித்தானே ஆகவேண்டும்.

1907. ஒரே தெருவில் நான்கு பப், ஒரே கையெழுத்து:
தேவைக்கு அதிகம்.
பிடில்காரன் மூடினான். தேனடை மூடிற்று.
மற்ற இரண்டின் பெயர்மேல் மை கொட்டியிருக்கிறது.

1917. போனவர் எர்னஸ்ட் டிராபிள். காரணம்: பிரான்ஸ்.
வந்தவர்: மனைவி.
பெயர் கேட்க எழுத்தருக்கு நேரமில்லை.
1919. போனவர்: மனைவி. வந்தவர் எர்னஸ்ட் டிராபிள்.
அவள் எங்கே போனாள் என்று கட்டம் கேட்கவில்லை.
அதே கவுண்டருக்குப் பின்னால்
இரண்டடி தள்ளி நின்றிருப்பாள்.

1940 டிசம்பர், மூன்று லாடம்.
காரணம்: கட்டடம் இல்லை.
குண்டு விழுந்த மறுநாள் வில்ஃப் ஆக்ஸ்லி
செங்கல் குவியல்மேல் கதவைப் படுக்கப்போட்டு
உடையாத பாட்டில்களை விற்றிருக்கிறார்.
உரிமம் கட்டடத்துக்குத்தான், தெருவுக்கு அல்ல என்று வழக்கு.
அபராதம் ஒரு ஷில்லிங்.
கட்டியவர் என்ற இடத்தில்
நீதிபதியின் சுருக்கொப்பம்.

1958. மாற்றம் எதுவுமில்லை, ஒரு கடிதம் மட்டும்.
கணப்படுப்பை ஒட்டிய நல்ல நாற்காலியில்
ஏமனிலிருந்து வந்த உருக்குத் தொழிலாளி காசிம் முத்தன்னா
லெமனேடு குடித்தபடி இரண்டு மணிநேரம் உட்காருகிறார்,
இது பப்பா, பள்ளிக்கூடமா?
அடியில் ஐரீன் மாப்பினின் பதில், பென்சிலில்:
அவர் பாக்கி வைப்பதில்லை.
உங்களுடையது பதினொரு ஷில்லிங்.

எண்பதுகளில் கை வேகமெடுக்கிறது.
ஆலை மூடல், ஆலை மூடல்,
பிறகு கடன்,
பிறகு மேற்படி,
மேற்படி,
மேற்படி.
மூன்று மாதத்துக்கு ஒருவர் வந்து
சாவி வாங்கி, பெயர் எழுதி,
மேற்படியாகிப் போயிருக்கிறார்கள்.
பலகையில் பெயிண்ட் காய்ந்திருக்குமா?

2009, கறுப்பு அன்னம், கடைசி வரி.
போனவர் டென்சில் ஹேக்.
வந்தவர் இல்லை. காரணம் இல்லை.
வெற்றுக் கட்டத்தை மென்பொருள் ஏற்க மாட்டேன் என்கிறது.
சிவப்பாய் மினுக்குகிறது.
சாப்பாட்டு வேளையில் நடந்து போய்ப் பார்த்தேன்.
இப்போது டயர் கடை. நிலைப்படிமேல் சாம்பல் பூச்சு,
அதற்கடியில் ஏதோ எழுத்துபோல் ஒரு புடைப்பு.
ஈரமாகவும் இருக்கலாம்.

தொலைபேசியில் அவரைப் பிடித்தேன்.
வரி உயர்வா, சிகரெட் தடையா, மலிவு விலை சூப்பர்மார்க்கெட்டா,
நானே எடுத்துக் கொடுத்தேன்.
'முழங்கால்,' என்றார்.
'பீப்பாய் இறக்கப் பதினான்கு படி.
இதுவரை எவனும் கேட்கலை.
பேப்பர்காரன் வந்தான், அவனே ஒரு யுகத்தின் முடிவுன்னு எழுதிட்டுப் போனான்.'

முழங்கால், என்று தட்டினேன்.
சிவப்பு அணைந்தது.
அடுத்தது, கொல்லன் தெரு முனை, பச்சைக் கிளி,
1868.