பதினோராம் தேதி அறுத்த ஆடு

அனுமதி கிடைத்தது பன்னிரண்டாம் தேதி.
ஆட்டை அறுத்தது பதினொன்றில்.
இவ்வளவுதான் வழக்கு.

சகார் விமானச் சரக்கு வளாகம்,
குளிரறை நான்கு.
நாற்பது பெட்டி, எலும்போடு தொடைக்கறி,
உறையவைக்காதது,
இரண்டு டிகிரியில் பதினேழு மணி நேரம் பறந்து வந்தது.
ஜுஹூவில் சனிக்கிழமை யாருக்கோ கல்யாணம்.
ஓட்டலின் தலைமைச் சமையல்காரர்
அரைமணிக்கொரு தரம் என்னை அழைக்கிறார்.
நான் சுங்க ஏஜெண்ட்.
கறிக்கும் எனக்கும் காகிதம் வழியாகத்தான் பழக்கம்.

டாக்டர் ரேணுகா கும்தேகர் கையுறை மாட்டுகிறார்.
முட்டைகூட நுழையாத வீடு அவருடையது.
ஆனாலும்
கட்டைவிரலால் அழுத்திப்
பள்ளம் எத்தனை நொடியில் எழும்புகிறதென்று எண்ணுகிறார்,
குனிந்து முகர்கிறார்,
கோலிவாடாவில் நாங்கள் வஞ்சிரம் வாங்குகிற மாதிரியேதான்.
பிறகு நிமிர்ந்து சொல்கிறார்:
கறி நல்லாத்தான் இருக்கு,
தேதிதான் கெட்டுப்போச்சு.

சான்றிதழை நின்றபடியே படிக்கிறோம்.
பிறந்த நாள் முதல் அந்த நாட்டிலேயே வளர்ந்தது.
பண்ணையைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள்
பன்னிரண்டு மாதமாகக் கோமாரி இல்லை.
அறுக்குமுன் ஒரு முறை, அறுத்தபின் ஒரு முறை
அரசு மருத்துவர் பார்த்தார்.
நடக்கும்போது ஒன்று. தொங்கும்போது ஒன்று.
நீல மையில் கையொப்பம்.

என் அப்பாவை சயான் ஆஸ்பத்திரியில்
பார்த்தது ஒரே முறை.
நடந்தா, கிடந்தா என்று குறிக்க
அந்தத் தாளில் கட்டமில்லை.

ஒரு நாள்தானே மேடம் என்றேன்.
கோபப்படவில்லை அவர்.
கையுறையை விரல் விரலாகக் கழற்றிக்கொண்டே
முதல் வேலை பீட் மாவட்டத்தில் என்றார்.
குளம்பு கழன்ற முப்பது மாடுகள்.
அதில் ஒன்று
முழங்காலால் நடந்து தொட்டிக்கு வந்து
தண்ணீரைப் பார்த்தது, குடிக்கவில்லை.
நோய் எந்த வண்டியில் வந்தது, என்றைக்கு வந்தது,
கேட்ட இடமெல்லாம்
ஞாபகமில்லை என்றார்களாம்.

நான் போனை அணைத்துவிட்டேன்.

பிளாஸ்டிக் உறையைக் கிழித்து
ஃபினாயில் ஊற்றினார்கள், யாரும் திருடித் தின்னாதபடி.
வேலிக்கு வெளியே ஏழெட்டு நாய்கள்
ஊற்றுகிற வரை எழுந்து நின்றன,
ஊற்றியதும் உட்கார்ந்தன.
அவற்றுக்கும் விதிமுறை தெரிந்திருக்கிறது.
தளோஜா உலைக்கு வண்டியோடு நானும் போனேன்,
சாட்சிக்கு ஆள் வேண்டுமாம்.
முதல் சில நிமிடம் மருந்து வாடை.
அப்புறம், சொல்ல வெட்கம்,
எனக்குப் பசித்தது.

நாற்பது பெட்டி வந்தது, நாற்பதும் எரிந்தது,
இங்கே கையெழுத்து, பக்கத்தில் தேதி என்று
பதிவேட்டை நீட்டினான் உலைக்காரப் பையன்.
பேனாவைத் தாளில் வைத்தவன்
எடுத்துவிட்டேன்.
அணைத்த போனை மறுபடி உயிர்ப்பித்து,
பன்னிரண்டு தாண்டிவிட்டதா என்று பார்த்து,
அதற்குப் பிறகுதான் எழுதினேன்.